நிஜம் சொல்பவர்

அந்தத் தொழிற்சாலையில் அலாரம் அடித்தால் யாரும் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். இதில் அக்கிரமம் ஒன்றும் இல்லை. அங்கே தயாரிப்பதே புகை அலாரம்தான். கூரையில் ஒட்டிக்கொண்டு, புகை வந்தால் வீல் வீலென்று கத்துகிற அந்த வெள்ளைத் தட்டு. முதல் மாடியிலும் இரண்டாம் மாடியிலும் காலை முதல் மாலை வரை அது கத்திக்கொண்டே இருக்கும். கத்துகிறதா என்று பார்த்துத்தானே பெட்டியில் போட முடியும்? கத்தாததுதான் கழிவு.

இதனால் ஒரு சின்னச் சிக்கல். அந்தக் கட்டடத்திலேயே தீப்பிடித்தால் எப்படித் தெரிந்துகொள்வது? நிர்வாகம் நெடுநாள் யோசித்து ஒரு பதவியை உண்டாக்கியது. பதவியின் பெயர் 'நிஜம் சொல்பவர்'. அவருக்கு ஒரு சிவப்புத் தொப்பி. தீப்பிடித்தால் அவர் மாடி மாடியாகப் போய்த் தன் சொந்த வாயால் "இது நிஜம்" என்று சொல்ல வேண்டும். மற்ற நேரங்களில் தன் பழைய மேசையிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

ஏற்பாடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கூடவே சுழற்கோப்பை என்று ஒன்றும் இருந்தது. எந்த மாடி அதிக அலாரங்களைச் செய்து முடிக்கிறதோ அந்த மாடிக்கு மாதக் கடைசியில் கோப்பை. தோற்ற மாடி அடுத்த மாதம் முழுக்கக் கழிப்பறைக்குப் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். இதை 'ஆரோக்கியமான போட்டி' என்று இயக்குநர் அழைத்தார். அவருடைய அறை கீழ்த்தளத்தில், வாசலை ஒட்டி, தனிக் கழிப்பறையுடன் இருந்தது.

முதன்முதலாகச் சிவப்புத் தொப்பி அணிந்தவர் இரண்டாம் மாடிக்காரர். ஒரு மாதக் கடைசியில் அவர் முதல் மாடிக்கு வந்தார். முகத்தில் அப்படியொரு துக்கம். "இது நிஜம்" என்றார். முதல் மாடி மொத்தமும் அடித்துப்பிடித்துக்கொண்டு இறங்கி முற்றத்தில் நின்றது. கட்டடம் எரியவில்லை. அவர்கள் திரும்பி மேலே வருவதற்குள் இரண்டாம் மாடி கோப்பையை வென்றிருந்தது. அந்த மனிதரை நிர்வாகம் கடுமையாகக் கண்டித்து, இரண்டாம் மாடியின் மேற்பார்வையாளராக உயர்த்தியது. அன்றிலிருந்து அவருக்குப் பெயர் கெடுபிடி. அடுத்த மாதம் முதல் மாடிக்காரர்கள் அதே துக்கத்தை இரண்டாம் மாடிக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு யாரும் யாரையும் நம்பவில்லை. நிர்வாகம் விழித்துக்கொண்டு நேர்மைப் பிரிவைத் தொடங்கியது.

நேர்மைப் பிரிவு என்பது ஓர் அறை, ஒரு குளிர்சாதனப் பெட்டி, ஓர் அதிகாரி அம்மா. புதிய நிஜம் சொல்பவரைத் தேர்ந்தெடுக்க அவர் எல்லோரையும் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீங்கள் பொய் சொல்வதுண்டா?"

எல்லோரும் இல்லவே இல்லை என்றார்கள். ஒருவர் கனவில்கூட உண்மைதான் பேசுவேன் என்றார். இன்னொருவர் அழுதுகாட்டினார். கடைசியாக முதல் மாடியிலிருந்து மூக்கன் போனான். மூக்கன் கம்பிகளுக்கு ஈயம் பற்றவைக்கிற மேசைக்காரன். பக்கத்து மேசைக்காரர் காலுறை மாற்றவில்லை என்பதை அவர் வாசலில் நுழையும்போதே சொல்லிவிடுவான் என்பதால் அந்தப் பெயர். அன்று ஈயப் புகை தொண்டையில் ஏறி, கேள்வி கேட்டதும் அவனுக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தார்கள். மீண்டும் இருமினான். சரி போங்கள் என்றார்கள்.

மறுநாள் அவனைத் தேர்ந்தெடுத்ததாக அறிவிப்பு வந்தது. "பொய் சொல்ல இவ்வளவு நல்ல சந்தர்ப்பம் கொடுத்தும் இவர் அதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை" என்று அதிகாரி அம்மா ஒலிபெருக்கியில் விளக்கினார்.

வீட்டில் அம்மா தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "செவப்பு உனக்கு எடுக்கலையேடா. வேற கலர் இல்லையான்னு கேட்டியா?"

"பேசாம இரும்மா. தொப்பிக்குத் தனியா அலவன்ஸ் உண்டு" என்றாள் தங்கச்சி. அவள் இரண்டாம் மாடியில் வேலை பார்த்தாள். "ஆனா அண்ணா, மாசக் கடைசில இதை மாட்டிக்கிட்டு எங்க மாடிப் பக்கம் வந்துராத. உதை விழும். இந்த மாசம் நாங்கதான் ஜெயிக்கிறோம்."

"நெருப்பே வந்தாலுமா?"

"ஒண்ணாந்தேதிக்கு மேல வரச் சொல்லு."

சிரித்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டைக் கழுவப் போனவள் திரும்பி வந்தாள். "ஆனா நீ வந்து சொன்னா நான் எழுந்துருவேன். மத்தவன் சொன்னா மாட்டேன். உனக்குப் பொய் சொல்ல வராது. அதுக்குக் கொஞ்சம் புத்தி வேணும்."

மூக்கனுக்குப் பயிற்சி ஆரம்பமானது. தீயைப் பார்த்தவுடன் சொல்லிவிடக் கூடாது. முதலில் நேர்மைப் பிரிவுக்கு வர வேண்டும். அதிகாரி அம்மா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு "நிஜமா?" என்று மூன்று முறை கேட்பார். நாடி சீராக இருந்தால் உண்மை. படபடத்தால் பொய்.

"நெருப்பைப் பார்த்தா படபடக்கத்தானே மேடம் செய்யும்?" என்று மூக்கன் கேட்டான்.

"பொய் சொல்றவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க" என்றார் அதிகாரி அம்மா வருத்தத்துடன். பிறகு அவனுக்குப் பதவியின் தத்துவத்தை விளக்கினார். "நிஜம் என்பது ரொம்ப விலையுயர்ந்த பொருள். பயன்படுத்தப் பயன்படுத்தத் தேய்ந்துவிடும். ஒரு தடவைகூட நிஜத்தைச் சொல்லாமல் ஓய்வு பெறுகிறாரே, அவர்தான் தலைசிறந்த நிஜம் சொல்பவர். நான் இந்தத் துறையில் இத்தனை வருடம் இருக்கிறேன். என் வாயிலிருந்து இதுவரை ஒன்றுகூட வந்ததில்லை."

அந்த மாதம் இயக்குநர் போட்டியை இன்னும் ஆரோக்கியமாக்கினார். ஜெயிக்கிற மாடியில் ஆளுக்கொரு வாஷிங் மெஷின் என்று அறிவித்தார். மாதிரிக்கு ஒன்றை ரிப்பன் கட்டி வாசலில் வைத்தார்கள். எல்லோரும் போகும்போதும் வரும்போதும் அதைத் தடவிவிட்டுப் போனார்கள். ஒரு வாரத்தில் அது காணாமல்போனது. 'பாதுகாப்புக்காக வேறிடத்தில் வைக்கப்பட்டுள்ளது' என்று அதே இடத்தில் ஓர் அட்டையை வைத்தார்கள். சிலர் பழக்கதோஷத்தில் அட்டையையும் தடவினார்கள்.

வேகமாகச் செய்ய வேண்டும் என்பதால் புதிய இடத்திலிருந்து மலிவாக பேட்டரிகள் வந்து இறங்கின. கீழே, மாடிப்படிக்குப் பக்கத்துக் கிடங்கில் பெட்டி பெட்டியாக அடுக்கினார்கள். சில பேட்டரிகள் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் வயிறு மாதிரி உப்பியிருந்தன. கிடங்கின் கூரையில் இருந்த அலாரம் அடிக்க ஆரம்பித்தது. கட்டடத்தில் எல்லா அலாரமும் சோதனைக்காக அடிக்கும்போது இது மட்டும் காரணமில்லாமல் அடித்ததால், பழுது என்று கழற்றிவிட்டார்கள்.

மூக்கன் ஒவ்வொரு முறை படி ஏறும்போதும் மூக்கைச் சுருக்கினான். வெந்த பிளாஸ்டிக் வாடை. அதற்கு அடியில் பழுத்த பழம் மாதிரி ஓர் இனிப்பு. இயக்குநரிடமே போய்ச் சொன்னான்.

"வாசனை என்பது அவரவர் சொந்த அனுபவம்" என்றார் இயக்குநர். "அதில் நிர்வாகம் தலையிடுவதில்லை."

மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் அந்த இனிப்பு வாடை முதல் மாடி வரைக்கும் ஏறி வந்தது. மூக்கன் ஈயம் பற்றவைக்கும் கோலை அணைத்துவிட்டு இறங்கி ஓடினான். கிடங்குக் கதவின் அடியிலிருந்து புகை நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. கதவில் கை வைத்தான். உடனே எடுத்துவிட்டான்.

விதிப்படி நேர்மைப் பிரிவுக்கு ஓடினான். அதிகாரி அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நிஜமா?"

"நிஜம் மேடம்! கிடங்கு எரியுது!"

"மூணு தடவை கேக்கணும், பொறுங்க. என்னங்க இது, நாடி இப்படிக் குதிக்குது?"

"ஓடி வந்தேன் மேடம்!"

"நேர்மையானவர் எதுக்கு ஓடணும்?" என்று அவர் கையை விட்டார். "இதை என்னால ஏத்துக்க முடியாது. நீங்க போய் நிதானமாயிட்டு வாங்க." சொல்லிவிட்டு, விஷயத்தை நடுநிலையோடு யோசிப்பதற்காகத் தன் கைப்பையையும் குடையையும் சாப்பாட்டுப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே போய் நின்றார். இயக்குநர் ஏற்கெனவே அங்கே நின்று யோசித்துக்கொண்டிருந்தார்.

மூக்கன் முதல் மாடிக்கு ஓடி "இது நிஜம்" என்றான். முதல் மாடி இந்த மாதம் தோற்பது உறுதியாகியிருந்ததால் அவனை உடனே நம்பியது. எல்லோரும் பைகளை எடுத்துக்கொண்டு, கைபேசியில் பேசிக்கொண்டே நிதானமாக இறங்கிப் போனார்கள்.

இரண்டாம் மாடிக் கதவைத் திறந்தபோது அத்தனை மேசையிலும் அலாரங்கள் கத்திக்கொண்டிருந்தன. படியேறி வந்த புகைக்காகவும் அவற்றில் சில கத்தியிருக்கலாம். பிரித்துப் பார்க்க வழியில்லை. மூக்கன் தொண்டை கிழியக் கத்தினான்.

"இது நிஜம்!"

யாரோ கைதட்டினார்கள்.

"மூஞ்சியப் பாரேன், எப்படி வச்சிருக்கான்!"

"கண்ணுல தண்ணி வேற. போன தடவை வந்தவன் இந்த அளவுக்குப் பண்ணலப்பா."

கெடுபிடி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "தம்பி, இந்த வசனத்தைச் சொல்லித்தான் நான் இந்த நாற்காலிக்கே வந்தேன். எனக்கேவா?" ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். முதல் மாடிக்காரர்கள் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். "அட, மாடி மொத்தமும் நடிக்குதே! என்ன ஒத்துமை! இதுல பாதியை வேலைல காட்டியிருந்தா கோப்பை உங்களுக்குத்தான்."

ஒரே ஒருத்தி எழுந்து நின்றாள். தங்கச்சி.

"உக்காரும்மா" என்றார் கெடுபிடி. "நீ நகர்ந்தா உன் மேசை நிக்கும். உன் மேசை நின்னா இத்தனை பேர் மெஷினும் போச்சு. அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது."

பக்கத்து மேசைக்காரி அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணனும் தங்கச்சியும் பேசி வச்சுக்கிட்டு வந்தீங்களா? நல்லா இருக்கே உங்க குடும்பம்!"

"எங்கண்ணன் பொய் சொல்ல மாட்டான்" என்றாள் தங்கச்சி. ஆனால் போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. எழுந்த நிலையிலேயே, மேசையைப் பிடித்துக்கொண்டு, அண்ணனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாடி முழுக்க அவளை முறைத்தது.

மூக்கன் திரும்பிப் படியைப் பார்த்தான். முதல் மாடியின் திருப்பம் வரை புகை வந்துவிட்டது. இறங்கிப்போக இருப்பது அந்த ஒரே மாடிப்படி. அவனுக்கு அதற்குமுன் அப்படி ஒரு யோசனை வந்ததே கிடையாது. வந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சரி, சொல்லிடறேன்! உங்களை எழுப்பக் கூடாதுன்னு மேலிடத்துல சொல்லியிருக்காங்க. கீழ வாஷிங் மெஷின் வந்திருக்கு! லாரில இருந்து இறக்கறாங்க. முதல்ல போறவங்களுக்குத்தான் பெரிய சைஸ்!"

அவன் சொல்லி முடிக்கும்போது கதவை அடைத்துக்கொண்டு ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். படியில் புகை சூழ்ந்தபோது ஒருவர் இருமிக்கொண்டே "என்ன லாரிய்யா இது, இப்படிப் புகை விடுது" என்றார். ஆனால் யாரும் நிற்கவில்லை. தங்கச்சியும் அந்தக் கூட்டத்தில் ஓடினாள். கதவருகே ஒரு கணம் திரும்பி அண்ணன் முகத்தைப் பார்த்தாள். பிறகு பின்னால் வந்தவர்கள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

கெடுபிடி மட்டும் நாற்காலியில் இருந்தார். வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சார், வாங்க!"

"மெஷின் வந்திருக்கா? நல்லா கேட்டுக்க தம்பி. இந்த மாடில இருக்கிறவங்கள்ல மெஷின் வராதுன்னு நிச்சயமாத் தெரிஞ்ச ஆள் நான் ஒருத்தன்தான். வாங்கினதே ஒண்ணு. அது எங்க இருக்குன்னும் எனக்குத் தெரியும்."

"மெஷின் பொய் சார். நெருப்பு நிஜம்."

"மெஷின் பொய்யா?"

"பொய் சார்!"

"அப்ப நீ பொய் சொல்ற ஆளுன்னு உன் வாயாலேயே ஒத்துக்கிட்ட. பொய் சொல்ற ஆளு நெருப்புங்கறான். நான் எழுந்து ஓடணுமாக்கும்!" அவர் நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். "போ, போ. நான் கணக்கை முடிச்சுக் கோப்பையை வாங்கணும்."

மூக்கன் அவர் கையைப் பிடித்து இழுத்தான். அவர் மேசைக் காலைக் கால்களால் பின்னிக்கொண்டார். இழுத்தான், இருமினான், மீண்டும் இழுத்தான். புகை கூரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு இறங்கியதும் கையை விட்டுவிட்டு இறங்கினான். படிக்கட்டுக் கைப்பிடி தொட முடியாதபடி சுட்டது.

முற்றத்தில் இரண்டாம் மாடிக்காரர்கள் லாரியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கீழ்த்தளத்து ஜன்னல்கள் வெடித்த பிறகும் இரண்டு பேர் மெஷின் எங்கே என்று விசாரித்தார்கள். தீ முதல் மாடியைத் தாண்டியதும் அவர்களும் அண்ணாந்து பார்த்தார்கள். மேலே அலாரங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கடைசியில் ஒன்று மட்டும் வெகுநேரம் கத்திக்கொண்டிருந்தது. நல்ல தயாரிப்பு.

விசாரணை ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. வேறு இடம் கிடைக்கவில்லை. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் இயக்குநர் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அதிகாரி அம்மா.

"தீ விபத்து நடந்ததை நிர்வாகம் மறுக்கவில்லை" என்று இயக்குநர் ஆரம்பித்தார். "நாங்கள் திறந்த மனம் கொண்டவர்கள். ஆனால் அது முறைப்படி அறிவிக்கப்படவில்லை. நாடி சரியில்லை. முதல் மாடி தோல்விக்காக வெளியேறியது. இரண்டாம் மாடி வாஷிங் மெஷினுக்காக வெளியேறியது. நெருப்புக்காக வெளியேறியவர் ஒருவர்கூட இல்லை. ஆகவே நம் தீத்தடுப்பு முறை தோற்றுவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. அதை யாருமே பயன்படுத்தவில்லை."

அதிகாரி அம்மா தீர்ப்பை வாசித்தார். நிஜம் சொல்ல நியமிக்கப்பட்டவர் பணி நேரத்தில், தொப்பியோடு, பொய் சொல்லியிருக்கிறார். வேலைநீக்கம். பொய்யை நம்பி மேசையை விட்டு எழுந்த இரண்டாம் மாடிக்காரர்கள் அனைவருக்கும் எச்சரிக்கை. "அந்த மாடியில் கடைசிவரை ஏமாறாதவர் ஒரே ஒருவர். அவர் இன்று நம்மிடையே இல்லை. நிர்வாகம் அவருக்கு 'ஏமாறாத ஊழியர்' விருதை வழங்குகிறது. விருதோடு ஒரு வாஷிங் மெஷின்."

கெடுபிடியின் மனைவி எழுந்து வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "மெஷின் வேண்டாங்க" என்றாள். "வீட்ல ஒண்ணு இருக்கு. அவரு போன மாசம்தான் கொண்டாந்து வச்சாரு. ரிப்பன்கூட இன்னும் பிரிக்கல."

இயக்குநர் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். அதிகாரி அம்மாதான் முதலில் சுதாரித்துக்கொண்டு கைதட்டினார். "பாருங்கள், இதுதான் நேர்மை!" பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

அடுத்து தங்கச்சியைக் கூப்பிட்டார்கள்.

"உங்கள் அண்ணன் முதல் தடவை நிஜம் சொன்னார். எழுந்தீர்கள், போகவில்லை. இரண்டாம் தடவை பொய் சொன்னார். ஓடினீர்கள். இரண்டில் எதை நம்பினீர்கள்?"

முதலாவது என்றால், இரண்டாவது பொய்யென்று தெரிந்தும் சொல்லாமல் ஓடியவள் ஆவாள், அவளுக்கும் வேலைநீக்கம். இரண்டாவது என்றால் ஓர் எச்சரிக்கையோடு முடியும். வீட்டில் இனி ஒரு சம்பளம்தான். மூக்கன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டாவதைத்தான்" என்றாள் தங்கச்சி. "அண்ணன் முதல்ல சொன்னதை நம்பல."

அதிகாரி அம்மாவுக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துவிட்டது. சொல்லும்போது அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்திருந்தார். நாடி கடிகாரம் மாதிரி அடித்ததாம். அங்கேயே அவளைப் புதிய நிஜம் சொல்பவராக அறிவித்தார்.

மூக்கன் வீட்டுத் தெருக்கோடியில் ஒரு பழைய கட்டடத்தை வாடகைக்கு எடுத்து மறுபடி வேலை ஆரம்பமானது. முதல் நாள் காலையில் தங்கச்சி தொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு செருப்பு மாட்டினாள். மூக்கன் கதவோரம் நின்றான். விசாரணைக்குப் பிறகு இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

"அன்னைக்கு எதை நம்பின?" என்று கேட்டான். "எனக்கு மட்டும் சொல்லு."

அவள் செருப்பு வாரைப் போட்டு முடித்தாள். "ரெண்டையும்தான். நீ நெருப்புன்னப்ப நெருப்புன்னு நம்பினேன். மெஷின்னப்ப மெஷின்னு நம்பினேன். கதவுகிட்ட திரும்பிப் பார்த்தேன்ல? ரெண்டுக்கும் உன் மூஞ்சி ஒரே மாதிரிதான் இருந்துச்சு." கொஞ்சம் தள்ளி நின்றாள். "அதுலேர்ந்து நீ சாப்பிட்டேன்னு சொன்னாக்கூட நான் பானையைத் திறந்து பாக்கறேன். கவனிச்சியா?"

கவனித்திருந்தான்.

"அங்க நெருப்புன்னா என்ன பண்ணுவ?"

"நிஜம்னு சொல்வேன்."

"நம்பலேன்னா?"

"மெஷின்னா இனிமே ஒருத்தனும் வர மாட்டான். வேற ஏதாவது யோசிச்சு வைக்கணும்."

"பாப்பா, யாரு நம்பினா என்ன, நம்பாட்டி என்ன. நீ முதல்ல இறங்கி வெளிய வந்துரு."

"வர முடியாது அண்ணா. புது விதி போட்டிருக்காங்க. மாடில கடைசி ஆள் இறங்கற வரைக்கும் தொப்பிக்காரங்க உள்ளதான் இருக்கணுமாம். அப்பத்தான் நிஜம்னு நம்புவாங்களாம். எழுதி வாங்கிட்டாங்க."

அவள் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் தெருக்கோடியில் அலாரங்கள் கத்த ஆரம்பித்தன. மூக்கன் வாசலுக்கு வந்து நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். சத்தம் வழக்கம்போலத்தான் இருந்தது. என்ன நடந்தாலும் அது வழக்கம்போலத்தான் இருக்கும். அம்மா உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள். அவன் நகரவில்லை.